பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள்: சிங்கப்பூரில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடுபவர்களுக்கு

எனக்கு முடியாமல் போனது தீபாவளிக்கு முந்தைய மாதம். சரியான ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்தபோது பொங்கல் முடிந்து தைப்பூசமும் வந்துவிட்டது. நடுவில் நான்கு மாதம் வீணானது, 900 வெள்ளிக்கு மேல் கையை விட்டுப் போனது. எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று சொல்லித்தர யாரும் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற நேரத்தில் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இருந்தால் மற்றதையெல்லாம் அப்புறம் படியுங்கள். 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பினர் 24 மணி நேரமும் பேசுவார்கள். 1771 தேசிய மனநல உதவி எண், அதுவும் 24 மணி நேரம். புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. உடனடி ஆபத்து என்றால் 995. தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து எதையும் மறைக்காதீர்கள்.

1. வேலைச் சோர்வா, மனச்சோர்வு நோயா?

தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘மன அழுத்தம்’ என்று சொல்லிவிடுகிறோம். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற பதற்றமும் மன அழுத்தம், வேலையே வெறுத்துப்போவதும் மன அழுத்தம், படுக்கையை விட்டு எழ முடியாத நோயும் மன அழுத்தம். மருத்துவரிடம் போய் அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.

வேலைச் சோர்வை ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அதை வேலையிடம் சார்ந்த நிலை என்று வரையறுத்தது. நோய்களின் வரிசையில் அதைச் சேர்க்கவில்லை. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்பும் விலகலும் வருவது, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. மூன்றும் வேலையைச் சுற்றியே இருக்கும். சனிக்கிழமை பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனால் முகம் மலரும். ஞாயிறு சாயங்காலம் வயிறு பிசைய ஆரம்பிக்கும்.

மனச்சோர்வு நோய் வேலையோடு நிற்பதில்லை. மனம் இருண்டு கிடப்பது, எதிலும் விருப்பமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது குறைந்தது இரண்டு வாரம், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி இருக்கும். கூடவே தூக்கம் கெடும் அல்லது கூடும், பசி மாறும், உடல் கனக்கும், கவனம் நிற்காது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்ற உணர்வு வரும், சாவு பற்றிய நினைப்பு வரும். மொத்தம் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள்.

நான் பத்து நாள் விடுப்பு எடுத்துத் திருச்சிக்குப் போனேன். அம்மா எனக்காக வாழைப்பூ வடை சுட்டுத் தட்டில் வைத்தார். அது எனக்கு உயிர். ஒன்று தின்றேன், ருசியே தெரியவில்லை. அக்கா மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டபோதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அலுவலகத்திலிருந்து 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் அப்படி இருந்தது. வேலைச் சோர்வு எல்லை தாண்டிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் வேலைச் சோர்வு மனச்சோர்வு நோயில் கொண்டுபோய் விடலாம்.

இந்த வேறுபாடு பணத்திலும் வரும். மத்திய சேம நிதியில் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் மெடிசேவ் கணக்கைப் பயன்படுத்தக்கூடிய நாள்பட்ட நோய்களின் பட்டியலில் மனச்சோர்வு நோய் இருக்கிறது, பர்ன்அவுட் இல்லை.

2. இரண்டு வாரத்துக் குறிப்பு எழுதுங்கள்

நான் முதல் தடவை பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது பாலிகிளினிக்குக்கு, போனபோது ‘தலைவலி, தூக்கம் வரவில்லை’ என்று மட்டும் சொன்னேன். வலிமாத்திரையும் ஒரு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்து அனுப்பினார்கள். நான் சொன்னதற்கு அதுதான் சரியான மருத்துவம். சொல்லாததற்கு அவர்கள் எப்படி மருந்து தருவார்கள்?

நம்மவர்கள் மனத்தை உடம்பின் வழியாகத்தான் சொல்வோம். ‘அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது’, ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘தலை பாரமாக இருக்கிறது’. தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் கூடவே எவ்வளவு நாளாக என்பதையும் எதை நிறுத்திவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரு சின்ன நோட்டில் தினமும் நான்கு வரி போதும்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை மணிக்கு விழித்தேன், என்ன சாப்பிட்டேன், இன்று எதைச் செய்ய முடியவில்லை. என் நோட்டில் ‘தலை பின்னவில்லை’ என்று ஆறு நாள் தொடர்ந்து இருந்தது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை அங்கே நிரப்பச் சொல்லலாம். மொத்தம் 27 மதிப்பெண்; 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் கவனிப்பார்கள். இது நோயை முடிவுசெய்யும் பரிசோதனை இல்லை, ஒரு சல்லடை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியும் கேட்கும். அங்கே பொய் சொல்லாதீர்கள். ‘சில நாட்கள்’ என்று குறித்த உடனே கட்டிலில் கிடத்திவிட மாட்டார்கள். திட்டம் ஏதும் இருக்கிறதா, வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் உங்களை எவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று தீர்மானிப்பார்கள்.

அவசரமான நிலை என்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். இன்று என்ன நினைவிருக்கிறதோ அதை எழுதிக்கொண்டு போங்கள்.

3. எடுத்துப்போக வேண்டியவை

அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி அட்டை. குடிமக்களுக்கு, தனியார் மருந்தகங்களில் சலுகை தரும் சாஸ் (CHAS) அட்டை. நிறுவனம் கொடுத்த காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், சித்த, ஆயுர்வேத மருந்து உட்பட. ஊரிலிருந்து வரும் லேகியத்தை நாம் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தால் கையில் வையுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு மூன்றும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்கள் பி12 பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

4. பலதுறை மருந்தகத்தில்தான் தொடங்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்க மருத்துவமனையில் மனநல நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்க வேண்டும் என்றால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். குடிமக்களுக்குச் சாஸ் மருந்தகத்தின் கடிதமும் வழி திறக்கும். நேராக மருத்துவமனையை அழைத்தோ, சாதாரணத் தனியார் மருந்தகத்தின் கடிதத்தோடோ போனால் முழுக் கட்டணம்.

நான் செய்த தவறு இது. மனத்துக்கென்று முதலில் தனியார் உளவியலாளரிடம் மூன்று முறை போனேன், ஒவ்வொன்றும் 180 வெள்ளி. நல்ல மனிதர்தான். மருந்தும் தேவைப்படலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார். அலுவலகத்துக்குப் பக்கத்து மருந்தகத்தில் கடிதம் வாங்கி மருத்துவமனைக்குப் போன் செய்தேன். சீக்கிரம் தேதி கிடைத்த சந்தோஷத்தில் எந்த வகைக் கட்டணம் என்று கேட்கவே இல்லை. மருந்தோடு சேர்த்து ரசீது 370 வெள்ளியைத் தாண்டியபோதுதான் விழித்தேன். சலுகைக்கு மாற்றச் சொன்னால், பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் கடிதம் வாங்கி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். ஒன்றரை மாதம் போனது. எனவே தேதி வாங்கும் போதே ‘இது சலுகைக் கட்டணமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பலதுறை மருந்தகத்துக்கு முன்பதிவு ஹெல்த்ஹப் செயலியில், சிங்பாஸ் வழியாக. காலைக் கூட்டத்தில் மருத்துவருக்கு அவசரம் இருக்கும், அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: ‘டாக்டர், எனக்கு இரண்டு மாதமாக மனம் சரியில்லை, மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று பார்க்க வந்திருக்கிறேன்.’ இதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி நீட்டினாலும் போதும். தலைவலியில் ஆரம்பித்தால் தலைவலியிலேயே முடிந்துவிடும்.

லேசான நிலையை பலதுறை மருந்தக மருத்துவரே கவனித்துக்கொள்வார். சில பலதுறை மருந்தகங்களில் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். உங்களுடையதில் உண்டா என்று கேளுங்கள். எல்லோரும் புவாங்கோக்குக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. டான் டோக் செங், கூ டெக் புவாட், சாங்கி போன்ற பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மனநலக் கழகத்தை இன்னும் ‘உட்பிரிட்ஜ்’ என்ற பழைய பெயரால் குரலைத் தாழ்த்திப் பேசும் உறவினர்கள் உள்ள குடும்பம் என்றால் இது உதவும்.

நிபுணரின் தேதி சில வாரத்திலிருந்து சில மாதம் வரை தள்ளிக் கிடைக்கலாம். யாராவது ரத்துசெய்தால் அந்த இடத்தைத் தரச் சொல்லிக் கேட்டுவையுங்கள். எனக்கு அப்படித்தான் மூன்று வாரம் முன்னதாகக் கிடைத்தது. நிலைமை மோசமானால் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும்.

5. காத்திருக்கும் நாட்களில்

இந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இலவச உதவிகளை இப்போது பயன்படுத்துங்கள்.

வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்தில் சமூக ஊழியரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. உங்கள் புளோக் எந்த நிலையத்தின் கீழ் வருகிறது என்று அரசாங்கச் சமூக உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000இல் கேட்கலாம். பியட்டி ரோட்டில் இருக்கும் சிண்டாவிலும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்பச் சேவை நிலையம் உண்டு. நம் வீட்டு வழக்கங்களை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லாத இடம். சிங்கப்பூர் மனநலச் சங்கத்தின் உதவி எண் 1800-283-7019.

நிறுவனத்தில் ஊழியர் உதவித் திட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சில அமர்வுகள் இலவசமாகக் கிடைக்கும். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது நிறுவனத்துக்குப் போகுமா என்பதை முதல் அமர்வு தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

6. யாரிடம் எதற்குப் போவது

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார், சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கும். உளவியலாளர் பேச்சுச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். ஆலோசகரும் பேசி உதவுபவர்தான், பயிற்சி வேறு. தனியாரிடம் போவதானால் சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டிலோ சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தின் பதிவேட்டிலோ பெயரைத் தேடிவிட்டுப் பணம் கட்டுங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் ‘ஏழே நாளில் மனக்கவலை நீங்கும்’ விளம்பரங்களின் பக்கம் போகவே வேண்டாம்.

7. செலவு

தனியார் உளவியலாளரிடம் ஓர் அமர்வு 150 வெள்ளிக்கு மேல் ஆவது சாதாரணம். எட்டு, பத்து அமர்வு வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மூன்றோடு பணம் தீர்ந்து நிறுத்துவது மிகவும் வேதனையானது, நடுவழியில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

சலுகைக் கட்டணத்தில் எவ்வளவு குறையும் என்பது குடும்ப வருமானத்தையும் குடியுரிமை நிலையையும் பொறுத்தது. மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் முடிவுசெய்துவிட்டால் மெடிசேவிலிருந்து எடுக்கலாம். ஒவ்வொரு ரசீதிலும் 15 விழுக்காட்டை நாம் கட்ட வேண்டும், ஆண்டுக்கு ஒரு வரம்பும் உண்டு. இணையரின் மெடிசேவையும் பயன்படுத்தலாம். உளவியலாளர் அமர்வுக்கும் அது செல்லுமா என்று முகப்பில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டவே முடியாத நிலை என்றால் மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்டால்தான் கிடைக்கும் உதவி அது.

8. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு

சலுகைக் கட்டணமும் மெடிசேவும் உங்களுக்கு இல்லை. ஆனால் வேறு வழி இருக்கிறது. ஹெல்த்சர்வ் அமைப்பின் 24 மணி நேர எண் 3129 5000. வெளிநாட்டு ஊழியர்களுக்கென்றே நடப்பது, தமிழிலும் பேசலாம். தங்குவிடுதியில் இருப்பவர்களும், கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை போன்ற செயல்முறைத் தொழில் (process) துறைகளில் வேலை செய்யும் அனுமதிக்காரர்களும் அடிப்படை மருத்துவத் திட்டத்தின் கீழ் வருகிறார்கள். மருத்துவ நிலையத்துக்குப் போனால் 5 வெள்ளி, தொலைமருத்துவம் 2 வெள்ளி. அங்கிருந்தே தொடங்குங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692. பணிப்பெண்களுக்கான நிலையத்தின் எண் 1800-225-5233.

முதலாளி வாங்கியிருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்குவதற்கும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்கும்தான். வெளிநோயாளி ஆலோசனைக்குச் செல்லும் என்று நம்பிப் போய்விடாதீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன், ஊரில் நிற்கும் வட்டி, வீட்டுக்குச் சொல்ல முடியாத தனிமை, இவையெல்லாம் சேர்ந்துதான் பல தம்பிகளைச் சாய்க்கிறது. அழைக்கும்போது கடனையும் சேர்த்தே சொல்லுங்கள். அது வேறு விஷயம் என்று ஒதுக்காதீர்கள்.

9. அந்த அறைக்குள் என்ன நடக்கும்

அறிவுரை சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். ‘பாசிட்டிவ்வாக நினையுங்கள்’ என்று யாரும் சொல்லவில்லை. முதல் அமர்வு முழுக்கக் கேள்விகள்: குடும்பம், தூக்கம், எப்போது தொடங்கியது, முன்பு இப்படி வந்ததா. அழுதுகொண்டே இருந்தேன். ஒன்றும் தீர்வதாகத் தெரியவில்லை. இரண்டாவது தடவை போக வேண்டாம் என்றிருந்தது. போனது நல்லதாயிற்று.

எனக்குக் கிடைத்தது சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒன்று, கிட்டத்தட்ட 50 நிமிடம். பொதுவாக 6 முதல் 20 அமர்வு வரை போகும். அது எப்படி வேலை செய்கிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். மேலாளரிடமிருந்து ‘நாளை பேசலாம்’ என்று ஒரு வரி வரும். என் மனம் உடனே ‘வேலை போகப்போகிறது, வீட்டுக் கடன் கட்ட முடியாது’ என்று ஓடும். இரவு தூங்க மாட்டேன், மறுநாள் வேலையில் பிழை வரும். பிழை வந்ததும் ‘பார்த்தாயா, நீ லாயக்கில்லை’ என்று அதே மனம் சொல்லும். இந்தச் சங்கிலியைத் தாளில் வரையச் சொன்னார் ஆலோசகர். இதற்கு முன் எத்தனை தடவை ‘நாளை பேசலாம்’ என்று வந்தது, அதில் எத்தனை தடவை வேலை போனது என்று எழுதச் சொன்னார். பதினான்கு தடவை, ஒரு தடவைகூட இல்லை. நினைப்பும் நடப்பும் வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் கையெழுத்திலேயே பார்த்தபோதுதான் உள்ளே இறங்கியது.

இன்னொரு பகுதி, விருப்பம் வரும்வரை காத்திராமல் சின்னச் செயலைத் தொடங்குவது. ‘நன்றாக ஆனதும் நடக்கப் போகிறேன்’ என்றேன். ‘நடக்கப் போங்கள், நன்றாவது பின்னால் வரும்’ என்றார். முதல் வாரம் புளோக்கிலிருந்து காப்பிக்கடை வரை போய் ஒரு தே-ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிவருவது மட்டும். கேட்க அற்பமாக இருக்கும். அந்த வாரம் எனக்கு அது மலை.

மொழி பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் அலுவலக விஷயம் எல்லாம் தெளிவாகச் சொல்ல முடிந்தது. அப்பா சாவுக்குப் போக முடியாததை ஆங்கிலத்தில் சொன்னபோது செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்று கேட்டேன். தேதி தள்ளிப்போனது, காத்திருந்தது வீண்போகவில்லை. முன்பதிவின்போதே கேளுங்கள். சொந்தக்காரரை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள், சொல்ல வேண்டியது அவர் முன்னால் வாயில் வராது.

மூன்று, நான்கு அமர்வுக்குப் பிறகும் ஆலோசகரோடு ஒட்டவில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம். அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

10. மருந்து கொடுத்தால்

மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வரும்: குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம். பலன் தெரியும் முன் தொல்லை தெரிவதால்தான் பலர் பத்தாவது நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த நினைத்தால் முதலில் மருந்தகத்துக்குப் போன் செய்யுங்கள். தொடக்க வாரங்களில் பதற்றமோ சாகும் எண்ணமோ கூடினால் உடனே சொல்ல வேண்டும், இளையவர்களை வீட்டார் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நன்றான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது மருந்து தீராமல் கணக்கிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு நாள் விட்டுவிட்டுத் திண்டாடியிருக்கிறேன்.

11. அலுவலகத்தில் எதைச் சொல்வது

வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு வெளிநோயாளி மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் இதையும் சேர்த்து 60 நாள் வரை. எம்சியில் பொதுவாக நோயின் பெயர் இருக்காது, மருத்துவமனையின் பெயர் இருக்கும். அது தெரிவது சங்கடம் என்றால் பலதுறை மருந்தக மருத்துவரிடமே தொடர முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

வேலை விண்ணப்பத்தில் மனநல வரலாற்றைக் கேட்கக் கூடாது என்பது நியாயமான வேலை நியமன வழிகாட்டியில் இருக்கிறது. மனநல நிலையைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

காப்பீடு வேறு. புதிதாக ஆயுள் அல்லது மருத்துவக் காப்பீடு வாங்கும்போது மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்பார்கள். மறைத்தால் பின்னால் இழப்பீடு மறுக்கப்படலாம், உண்மையைச் சொல்லுங்கள். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம்.

12. வீட்டில்

‘கோயிலுக்குப் போ, சரியாகிவிடும்’ என்பார்கள். போங்கள். எனக்கும் வீரமாகாளியம்மன் சந்நிதியில் பத்து நிமிடம் நின்றால் மூச்சு சீராகும். கோயிலும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன், புரிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் முதலில் ‘உனக்கென்ன குறை’ என்றார். ஓர் அமர்வுக்கு ஆலோசகரின் அனுமதியோடு அவரையும் அழைத்துப் போனேன். திரும்பி வரும்போது எம்ஆர்டியில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து இரவுச் சமையல் பாத்திரத்தை அவர் கழுவுகிறார்.

13. கொஞ்சம் தேறியதும்

நான்காவது, ஐந்தாவது மாதத்தில் ‘இனி எதற்கு’ என்று தோன்றும். அந்த நேரத்தில் அடுத்த தேதியை ரத்துசெய்யாதீர்கள். நீண்ட நாள் போகாமல் விட்டால் புதிய பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், மறுபடி பலதுறை மருந்தகத்து வரிசை. வர முடியாத நாள் என்றால் முன்கூட்டியே ஹெல்த்ஹப்பில் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். நான் மாதம் ஒருமுறை திறந்து, இந்த வாரம் எத்தனை நாள் தலை பின்னினேன் என்று மட்டும் பார்க்கிறேன். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் தேதிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போன் செய்கிறேன்.